கல்முனைக் காலை இறைச்சியில் லெபனான் கோப்தா

அரைத்த மாட்டிறைச்சி ஒரு கிலோ, அதில் கொழுப்பு நூற்றுக்கு 20 பங்கு. மத்தியதரைக் கடல் நாடுகளின் இறைச்சி உருண்டையைச் சொல்லித்தரும் வெளிநாட்டுச் சமையல் குறிப்புகள் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகின்றன. கல்முனைச் சந்தையில் அந்த முதல் வரியிலேயே கால் இடறும். இங்கே கடையில் தொங்குவது, வேளாண்மை வெட்டிய வயலிலும் குளக்கரையிலும் மேய்ந்து, நாளெல்லாம் நடந்து வளர்ந்த பட்டி மாட்டின் இறைச்சி. சோளமும் சோயாவும் தின்று நின்ற இடத்திலேயே கொழுத்த மாட்டின் சதைக்குள் வெள்ளைக் கோடுகளாக ஓடும் கொழுப்பு இதில் இராது. சதை கடுஞ்சிவப்பு, நார் தடிப்பு, கொழுப்பு ஓர் ஓரத்தில் தனியே. குறிப்பில் உள்ளபடி அரைத்து உருட்டிப் பொரித்தால் வரண்டு இறுகிய உருண்டைதான் தட்டுக்கு வரும்.

சாய்ந்தமருதில் தன் வீட்டுக் குசினியிலேயே கோப்தா செய்து விற்கும் ஒரு பெண், அதே கல்முனை மாட்டில் மிருதுவான உருண்டை செய்கிறார். தெருவில் சிறியவர்களுக்கெல்லாம் அவர் ராத்தா. இங்கும் அப்படியே அழைப்போம். அவரிடம் ஓடர் கொடுப்பவர்களில் பலர் கட்டார், சவூதி, குவைத் என்று இருந்து வந்தவர்கள். அங்கே தின்ற ருசி இன்னும் நாக்கில் நிற்பதால், "இறைச்சி கொழும்பிலிருந்து எடுக்கிறதா ராத்தா?" என்று கேட்பார்கள். "இல்ல தம்பி, நம்மட கடை இறைச்சிதான்" என்பார் அவர். சதை, கொழுப்பு, உப்பு, நேரம் என்ற நான்கையும் பற்றி அவர் கைக்குள் சேர்ந்திருக்கும் அறிவு அந்தச் சின்னப் பதிலுக்குள் அடங்கிக் கிடக்கிறது.

2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் ஊருக்குள் வந்தபோது, இலங்கையிலேயே அதிக உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது என்று நெருங்கிக் கிடக்கும் கரையோரத்தில் வீடுகளோடு குடும்பங்களின் வருமானமும் போயிற்று. அதற்குப் பிறகு வளைகுடாவுக்குப் பயணமான பெண்களில் ராத்தாவும் ஒருவர். பயணம் இந்தக் கரைக்குப் புதிது அல்ல. எழுபதுகளின் எண்ணெய் விலையேற்றத்துக்குப் பின் தொடங்கிய அந்த ஓட்டம், 1985இல் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்துக்கான சட்டம் வந்தபோதே நன்றாகப் பழகிப்போயிருந்தது. போனவர்கள் கொண்டுவந்த பணத்தைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறோம். அவர்கள் கையில் கொண்டுவந்த தொழிலைப் பற்றிப் பேசியது குறைவு.

ராத்தாவுக்கு வாய்த்தது குவைத்தில் குடியிருந்த ஒரு லெபனான் குடும்பம். அந்த வீட்டு மேடம் சமையலை வேலைக்காரியிடம் விட்டுவிட்டு வெளியே போகிறவர் அல்ல. பக்கத்தில் நின்று கையைப் பிடித்துக் காட்டுகிறவர். அங்கே கோப்தா ஒரே பண்டமாக இருக்கவில்லை. கம்பியில் நீளமாகப் பிடித்துக் கரி நெருப்பில் வாட்டுவது ஒன்று. தட்டில் பரப்பி, மேலே உருளைக்கிழங்கும் தக்காளியும் அடுக்கி அவனில் வேகவைப்பது இன்னொன்று. சின்னச் சின்ன உருண்டையாகப் பிடித்துப் பொரித்து, வெங்காயமும் தக்காளியும் சேர்ந்த குழம்பில் இட்டு, வறுத்த பைன் விதை தூவுவது தாவூத் பாஷா. பக்தாதை ஆண்ட உஸ்மானிய ஆளுநர் ஒருவரின் பெயர் அது என்பார்கள். மூன்றுக்கும் அடிக்கூட்டு ஒன்றுதான். பிடிக்கும் வடிவும் நெருப்பும் மாறும்.

இந்தப் பண்டத்தின் வரலாறு நீண்டது. 1226இல் பக்தாதில் முஹம்மத் பின் ஹஸன் அல்பக்தாதி தொகுத்த சமையல் நூலில், கொழுப்பில்லாத சதையை மசாலாவோடு கொத்தி உருண்டை பிடித்துக் குழம்பில் இடும் முறை பல இடங்களில் வருகிறது. பிறகு உஸ்மானியப் பேரரசு பரவிய இடமெல்லாம் இறைச்சி உருண்டையும் பரவி, ஒவ்வோர் ஊரிலும் அந்த ஊரின் மாட்டுக்கும் ஆட்டுக்கும் ஏற்ப மாறிக்கொண்டது. துருக்கியின் இனெகோல் நகரத்துக் கோப்தாவில் இறைச்சி, வெங்காயம், உப்பு, சோடா மாவு இவ்வளவுதான், மசாலாவே கிடையாது. கிரேக்கர்கள் ஊறவைத்த பழைய பாணும் புதினாவும் சேர்த்து, மாவில் புரட்டிப் பொரிக்கிறார்கள். மொரோக்கோவில் சீரகமும் மிளகாய்த் தூளும் போட்டுத் தக்காளிக் குழம்பில் வேகவைத்து, கடைசியில் மேலே முட்டை உடைத்து ஊற்றுகிறார்கள்.

1922இல் இஸ்மிர் நகரம் எரிந்தது. அடுத்த ஆண்டு துருக்கியும் கிரேக்கமும் மக்களைப் பரிமாறிக்கொண்டன. வீடு இழந்து கிரேக்கத்துக்குப் போனவர்கள், சீரகமும் உள்ளியும் தூக்கலாகப் போட்டுத் தக்காளிக் குழம்பில் இடும் நீள உருண்டையையும் கூடவே கொண்டுபோனார்கள். இன்று அது ஏதென்ஸ் வீடுகளின் அன்றாட உணவு. சுவீடனின் புகழ்பெற்ற இறைச்சி உருண்டை, துருக்கியில் தங்கியிருந்த அரசர் 12ஆம் சார்ள்ஸ் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொண்டுவந்த குறிப்பிலிருந்து வந்தது என்று 2018இல் அந்த நாட்டின் உத்தியோகபூர்வ டுவிட்டர் கணக்கே அறிவித்தது. அரசரும் அகதியும் கொண்டுபோன அதே பண்டத்தைக் கல்முனைக் கரைக்குக் கொண்டுவந்தவர்கள் வீட்டு வேலைக்குப் போன பெண்கள்.

ஊர் திரும்பியதும் ராத்தாவுக்கு முன்னால் இரண்டு தடைகள் இருந்தன. ஒன்று, முன்பு சொன்ன மாடு. மற்றது, இந்தக் கரையின் கைப்பழக்கம்.

கல்முனைப் பெண்களுக்கு இறைச்சி உருண்டை தெரியாததல்ல. நோன்பு மாதத்தில் கட்லட் உருட்டாத வீடு அரிது. ஆனால் கட்லட்டுக்குள் போவது ஏற்கெனவே வெந்த இறைச்சியும் அவித்த கிழங்கும். எண்ணெயில் போடுவது மேலே உள்ள பாண் தூள் சிவப்பதற்காக மட்டும். கோப்தாவில் எல்லாமே பச்சை. சேர்ந்து நிற்பதும், உள்ளே வேகுவதும், மேலே சிவப்பதும் ஒரே நெருப்பில் நடந்தாக வேண்டும். தமிழ்நாட்டுக் கோலா உருண்டையில் பொட்டுக்கடலை மாவு கொத்திய ஆட்டிறைச்சியைப் பிடித்து நிறுத்துகிறது. கோப்தாவில் அந்த வேலையைச் செய்ய வேண்டியது இறைச்சியேதான். அதைச் செய்யவைப்பது உப்பு.

இங்கேதான் கல்முனைச் சந்தையின் வழக்கம் ராத்தாவுக்குக் கைகொடுத்தது. நமது ஊர்களில் மாட்டை இருட்டோடு அறுத்து, விடிந்ததும் கடைக்குக் கொண்டுவருகிறார்கள். பெரிய நாடுகளின் இறைச்சி பல நாள் குளிரறையில் தொங்கிய பிறகே கைக்கு வரும். இரண்டுக்கும் அடிப்படையிலேயே வேறுபாடு உண்டு. அறுத்த சில மணி நேரத்துக்குத் தசையில் உயிர்ச்சக்தி மிச்சமிருக்கும், புளிப்பு ஏறியிருக்காது, சதை தன் நீரை இறுகப் பிடித்திருக்கும். நேரம் செல்லச் செல்லத் தசைக்குள் லக்டிக் அமிலம் சேர்ந்து, காரஅமிலச் சுட்டெண் 7க்குக் கிட்டவிருந்து 5.5 அளவுக்கு இறங்கும். தசை விறைக்கும், நீரைப் பிடிக்கும் வலிமையும் குறையும். விறைப்பதற்கு முன்பே சதையை அரைத்து உப்புச் சேர்த்துவிட்டால், அந்தப் பிடிமானம் அப்படியே நிலைத்துவிடுகிறது. பொரிக்கும்போது சாறு வெளியே ஓடாது.

சீனாவின் தென்கரையில் ஷாந்தோ பகுதி மாட்டிறைச்சி உருண்டைக்குப் பேர்போனது. அங்கே அறுத்த சூடு ஆறுவதற்குள் இரண்டு இரும்புக் கட்டைகளால் சதையை அடித்துக் கூழாக்குகிறார்கள். லெபனான் கிராமங்களில் கிப்பே என்ற இறைச்சிப் பண்டம் செய்வதற்கு, அன்று காலை அறுத்த இறைச்சியைக் கல்லுரலில் இடிப்பது பழைய வழக்கம். குளிர்சாதனப் பெட்டி வருவதற்கு முன் மத்தியதரைக் கடலோரமும் நமது கடலோரமும் இந்த விஷயத்தில் ஒரே நிலையில்தான் இருந்தன. வெளிநாட்டுக் குறிப்பு எழுதுபவர்களுக்குக் கிடைக்காத வசதி கல்முனைப் பெண்ணுக்குத் தினமும் காலையில் கிடைக்கிறது என்பதைக் கண்டுகொண்டதில்தான் ராத்தாவின் தொழில் நிற்கிறது.

அதனால் அவருடைய வேலை சுபஹுத் தொழுகை முடிந்த கையோடு தொடங்கும். வாங்குவது முன்சப்பைச் சதை. தொடைச் சதை பார்க்க அழகாக இருந்தாலும் நார் நீளம், சாறு குறைவு. சப்பையில் இழை சிறிதாக இருக்கும். இடையிடையே ஓடும் மெல்லிய சவ்வு வேகும்போது உருகிப் பசையாகும். தடித்த வெள்ளை நரம்பை மட்டும் இருந்து எடுத்துவிடுவார். கடைக்காரரிடம் அவர் தனியே கேட்டு வாங்குவது நெஞ்சுப் பக்கத்துக் கொழுப்பு. சிறுநீரகத்தைச் சுற்றியிருக்கும் கொழுப்பு மலிவாகக் கிடைக்கும். ஆனால் அது கடினமானது, உருக அதிகச் சூடு வேண்டும், ஆறியதும் வாயின் மேலண்ணத்தில் மெழுகாக ஒட்டும். நெஞ்சுக் கொழுப்பு இளக்கமானது. துருக்கியர்கள் வாலில் கொழுப்புத் தேங்கும் செம்மறியின் வால் கொழுப்பைச் சேர்ப்பார்கள். அந்த இடத்தை இங்கே நெஞ்சுக் கொழுப்பு நிரப்புகிறது.

ஒரு கிலோக் கூட்டுக்குச் சதை 800 கிராம், கொழுப்பு 200 கிராம். அறுவடை முடிந்து மாடுகள் வயலில் நன்றாக மேய்ந்த மாதங்களில் சதையிலேயே கொஞ்சம் கொழுப்பு ஏறியிருக்கும். அப்போது 150 கிராம் போதும். வரட்சியில் இளைத்த மாடு என்றால் 220 வரை போவார். தராசைவிட அவர் கண் இதில் முந்திக்கொள்கிறது.

வீட்டுக்கு வந்ததும் சதையும் கொழுப்பும் பிரிகின்றன. சதை காத்திருக்கக் கூடாது. அதைக் கீற்றுக் கீற்றாக வெட்டி, மேசை விளிம்பில் பூட்டிக் கையால் சுற்றும் மெசினில் உடனே அரைத்து, 15 கிராம் உப்பை முழுவதுமாக அதிலேயே போட்டுப் பிசைந்து குளிரில் வைத்துவிடுவார். கொழுப்புக்கு நேர்மாறான பராமரிப்பு. அது குளிர்ந்து கல்லாக வேண்டும். நமது ஊரின் 30 பாகை வெயிலில் கொழுப்பைச் சும்மா அரைத்தால் இளகி, எங்கும் பூசிக்கொண்டு, பொரிக்கும்போது எண்ணெயாக ஓடிவிடும். ஐஸ் பெட்டியில் ஒரு மணி நேரம் இறுகவைத்து அரைத்தால் சிறு மணிகளாக விழும். அந்த மணிகள் உருண்டைக்குள் ஆங்காங்கே தங்கி, வேகும்போது உருகிச் சுற்றியுள்ள சதையை நனைக்கும்.

காலை இறைச்சிக்கு ஒரு கெட்ட குணமும் உண்டு. உப்புச் சேர்த்து அதிகம் பிசைந்தால் உருண்டை பந்தாகத் துள்ளும். ஷாந்தோக்காரர்களுக்கு அதுதான் வேண்டும். மத்தியதரைக் கடல் கோப்தாவுக்கு ஆகாது. அது பல்லில் பட்டதும் உதிர வேண்டும். அந்த இறுக்கத்தைத் தளர்த்துவது பாண். முந்தைய நாள் பாணின் வெள்ளைப் பகுதி 80 கிராமைப் பாலில் ஊறவைத்து, கூழாக மசித்துச் சேர்க்கிறார். சதையின் புரதங்கள் ஒன்றையொன்று இறுக்கிப் பிடிக்காதபடி பாணின் மாப்பொருள் இடையில் நிற்கிறது, நீரையும் தன்னுள் வைத்திருக்கிறது. றஸ்க் தூளை உலர்வாகப் போடுகிறவர்கள் உண்டு. அது இறைச்சியின் சாற்றையே உறிஞ்சும் என்பதால் ராத்தா ஒப்புக்கொள்வதில்லை. எல்லாம் சேர்ந்த பிறகு விரல்களை விரித்து, உள்ளங்கை படாமல், ஒரு நிமிடம் புரட்டுவதோடு சரி. கை வைத்திருந்தால் சூடு ஏறும்.

வெங்காயத்தைத் துருவி, துணியில் கட்டிப் பிழிந்து, சக்கையை மட்டும் போடுகிறார். நீரோடு போட்டால் உருண்டை உடையும். மேலே சிவக்கவும் மாட்டாது. இறைச்சியின் மேற்பரப்பு காய்ந்து 140 பாகை தாண்டிய பிறகுதான் அந்தச் சிவப்பும் வாசனையும் பிறக்கும். ஈரம் இருக்கும்வரை சூடு 100இலேயே நின்றுவிடும். பிழிந்த வெங்காயச் சாற்றை அவர் வீசுவதில்லை, தக்காளிக் குழம்புக்கு எடுத்துவைக்கிறார். பார்ஸ்லி இலை கல்முனையில் எப்போதும் கிடைக்காது. அதற்குப் பதில் மல்லி இலை, கூடவே முற்றத்துத் தொட்டியில் வளரும் புதினா. உள்ளி 4 பல்லு, நற்சீரகம் வறுத்து இடித்தது ஒரு தேக்கரண்டி, மிளகு ஒரு தேக்கரண்டி, கறுவாத் தூள் கால் தேக்கரண்டி, சாதிக்காய் ஒரு சிட்டிகை.

இந்தப் பட்டியலில் மிளகாய்த் தூளும் கறித்தூளும் இல்லை. முதல் தடவை குசினியில் எட்டிப் பார்த்த மாமி, "தூள் போடாத இறைச்சிய ஆரு தின்ற மகள்?" என்று கேட்டுவிட்டார். கேள்வி நியாயமானது. நமது கரையில் இறைச்சி என்றால் வறுத்த தூள், தேங்காய்ப்பால், ரம்பை. ராத்தா வாதாடவில்லை. அன்று இரவு கோப்தாவோடு தயிரும் தேசிக்காயும் வைத்துக் கொடுத்தார். மாமி இரண்டாவது முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். மிளகாயின் உறைப்பு இல்லாதபோது மாட்டின் சொந்த ருசி முன்னுக்கு வருகிறது. அன்று காலை அறுத்த நல்ல இறைச்சி என்றால் அந்த ருசியை மறைக்க வேண்டிய தேவையும் இல்லை.

பட்டியலில் உள்ள கறுவா நமது தீவின் பண்டம். 1344இல் இலங்கைக்கு வந்த இப்னு பதூதா, புத்தளக் கரையில் கறுவா மரங்கள் குவிந்து கிடந்ததைப் பார்த்து எழுதியிருக்கிறார். கடல் வணிகத்தில் மேற்கே போன அந்த வாசனைதான் லெபனான் வீடுகளின் மசாலாவில் இன்றும் இருக்கிறது. குவைத் குசினியில் அந்த மசாலாப் போத்தலைத் திறந்தபோது, அதில் தனக்கு முதலில் தெரிந்த வாசனை கறுவாதான் என்று ராத்தா சொல்கிறார்.

பிடிப்பதற்கு முன் ஒரு சோதனை உண்டு. கூட்டில் ஒரு துண்டை எடுத்துத் தட்டையாகத் தட்டி, தாச்சியில் பொரித்து ருசி பார்ப்பது. பச்சைக் கூட்டை நாக்கில் வைக்கக் கூடாது என்பதில் அவர் கண்டிப்பு. உப்புக் குறைவென்றால் இப்போதுதான் திருத்தலாம். உதிர்ந்தால் இன்னும் அரை நிமிடம் பிசையலாம். அதன் பிறகே கையை ஈரமாக்கி, 40 கிராம் வீதம் உருட்டுகிறார். ஒரு கிலோக் கூட்டு பாணும் வெங்காயமும் சேர்ந்து 30 உருண்டைக்கு மேல் வரும். உருட்டியவை அரை மணி நேரம் குளிரில் இருந்துவிட்டுத் தாச்சிக்குப் போகின்றன.

ஒலிவ் எண்ணெயின் விலை வீட்டுத் தொழிலுக்குத் தாங்காது. பொரிப்பது தேங்காய் எண்ணெயில். உருண்டையின் பாதி உயரத்துக்கு எண்ணெய், மிதமான நெருப்பு, நெருக்காமல் இடைவெளி. ஒரு பக்கம் சிவந்து தானாகவே தாச்சியை விட்டு விலகும்வரை புரட்டக் கூடாது. பெரிய ஓடர் என்றால் அவனில் 200 பாகையில் 15 முதல் 18 நிமிடம். கல்யாண வீட்டுக்குக் கம்பிக் கோப்தா என்றால் சிரட்டைக் கரி.

வெந்ததா என்று நிறத்தைப் பார்த்துச் சொல்வதை அவர் நம்புவதில்லை. முழுத் துண்டு இறைச்சியில் கிருமி மேற்பரப்பில் மட்டுமே இருக்கும்; நெருப்புப் பட்டால் செத்துவிடும். அரைத்ததும் அது உள்ளே போய்விடுகிறது. 1993இல் அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் சரியாக வேகாத அரைத்த மாட்டிறைச்சியால் 700க்கும் மேற்பட்டோர் நோயுற்றார்கள். 4 பிள்ளைகள் இறந்துபோனார்கள். அரைத்த மாட்டிறைச்சியின் நடுச்சூடு 71 பாகையைத் தொட வேண்டும் என்பது அந்த நாட்டு விவசாயத் திணைக்களத்தின் அறிவுறுத்தல். உள்ளே பழுப்பாகத் தெரிந்தும் அந்தச் சூட்டை எட்டாத உருண்டை உண்டு. எட்டிய பிறகும் சற்றுச் சிவப்பாகவே நிற்கும் உருண்டையும் உண்டு. ஊசி போன்ற முனையுள்ள சிறிய வெப்பமானியை ராத்தா ஒவ்வொரு தாச்சியிலும் ஒரு உருண்டைக்குள் குத்திப் பார்க்கிறார். அவருடைய குசினியில் வெளிநாட்டிலிருந்து வந்த பொருள்களில் அவர் விட்டுக்கொடுக்காதது அது ஒன்றுதான்.

தொட்டுக்கொள்வதற்கு மத்தியதரைக் கடலோரத்தில் கட்டித் தயிர். இதில் நமது கரை அவர்களை மிஞ்சுகிறது. அம்பாறை, மட்டக்களப்புப் பக்கத்து எருமைத் தயிர் மண்சட்டியிலேயே உறைந்து வருவது. எருமைப் பாலில் கொழுப்பு நூற்றுக்கு 7 பங்கு அளவில், பசும்பாலைவிட ஏறக்குறைய இரட்டிப்பு. சட்டியின் சுவரும் நீரை மெல்ல இழுத்துக்கொள்ளும். அந்தத் தயிரை மருதமுனைக் கைத்தறி வெள்ளைத் துணி ஒன்றில் முடிந்து இரவு முழுவதும் தொங்கவிட்டால், காலையில் கத்தியால் வழித்துப் பூசலாம். அதில் துருவிப் பிழிந்த வெள்ளரிக்காய், நசுக்கிய ஒரு பல்லு உள்ளி, புதினா, தேசிக்காய்ப் புளி, உப்பு. பைன் விதைக்குப் பதில் நமது கஜு, நீளமாகக் கீறி நெய்யில் வறுத்தது.

2022ஆம் ஆண்டு இந்தத் தொழிலை அடிவரை ஆட்டிப் பார்த்தது. மார்ச் மாத முடிவில் நாளுக்கு 13 மணி நேரம் மின்சாரம் இல்லை. காஸ் சிலிண்டருக்கு விடிய விடிய வரிசை. குளிர் இல்லாவிட்டால் அரைத்த இறைச்சியை வைத்திருக்க முடியாது. ராத்தா வேலையைச் சுருக்கினார், நிறுத்தவில்லை. அன்று காலை வாங்கி, அன்று காலையே அரைத்து, மதியத்துக்குள் விறகடுப்பில் பொரித்துக் கொடுத்து முடிப்பது என்று வைத்துக்கொண்டார். கொழுப்பை இறுக்க மீன் வாடியிலிருந்து ஐஸ் வந்தது. மீன்பிடி ஊர் என்பதால் ஐஸ் கிடைத்தது. குளிர்சாதனப் பெட்டியை நம்பி நாள்கணக்கில் உறையவைத்து விற்றவர்கள் அந்த மாதங்களில் வேலையை நிறுத்த வேண்டிவந்தது.

அதற்கும் முன்பே பெரிய கவலை ஒன்று வந்து போயிருந்தது. 2020 செப்டெம்பரில் நாட்டில் மாடறுப்பைத் தடைசெய்யும் யோசனைக்கு அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. 2021 ஒக்டோபரில், அதற்காக 1958ஆம் ஆண்டின் விலங்குகள் சட்டம் உட்படச் சில சட்டங்களைத் திருத்தவும் அனுமதித்தது. உண்பவர்களுக்கு இறைச்சியை இறக்குமதி செய்து கொடுக்கலாம் என்பதும் அந்த யோசனையில் இருந்தது. தடை நடைமுறைக்கு வரவில்லை. வந்திருந்தால் இறைச்சிக் கடைக்காரரோடு, பால் வற்றிய மாட்டை விற்றுப் பட்டியின் செலவைச் சரிக்கட்டும் பட்டிக்காரரும் விழுந்திருப்பார். ராத்தாவின் கணக்கு இன்னும் நுணுக்கமானது: உறைந்து கப்பலில் வரும் இறைச்சியில் காலை இறைச்சியின் பிடிமானம் இராது. அதில் கோப்தா செய்யலாம், உலகமெல்லாம் செய்கிறார்கள். ஆனால் இந்தக் கரையின் மாட்டுக்கென்று அவர் வருடக்கணக்காகச் சேர்த்த அறிவு பயனற்றுப் போயிருக்கும். எந்தச் சட்ட ஆவணத்திலும் இந்த நட்டத்துக்கு ஒரு பத்தி இராது என்பதாலேயே இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

போயா தினங்களில் நாடெங்கும் இறைச்சிக் கடைகள் மூடியிருக்கும். ராத்தாவின் நாட்காட்டியில் அவை அரைப்பு இல்லாத நாள்கள். தயிரைத் துணியில் முடிவதற்கும் சீரகம் வறுத்து இடிப்பதற்கும் ஒதுக்கியவை. நோன்பு மாதம் வந்தால் அஸருக்குப் பின் வீட்டு வாசலில் ஆள் சேரும். கஞ்சியோடு கடிக்கச் சின்ன உருண்டை, இளைஞர்களுக்குப் பறாட்டாவில் சுற்றித் தயிர் ஊற்றியது, குடும்பங்களுக்குத் தாவூத் பாஷா சட்டியோடு. பக்கத்துத் தெருப் பெண்பிள்ளைகள் சிலர் உதவிக்கு வந்து, உதவியோடு தொழிலையும் பிடித்துக்கொண்டார்கள். அதில் ஒருத்தி இப்போது நிந்தவூரில் கல்யாணமாகிப் போய்த் தனியே ஓடர் எடுக்கிறாள். அவள் கூட்டில் உள்ளி கூடுதல், புதினா குறைவு. ராத்தா அதைத் திருத்தப் போகவில்லை.

ஹஜ்ஜுப் பெருநாள் நெருங்குகிறது. ஒரு மாட்டில் ஏழு பேர் பங்கு சேரலாம் என்பதால் பெருநாளன்று ஏறக்குறைய எல்லா வீட்டுக்கும் இறைச்சி போய்ச் சேரும். மாதக்கணக்கில் உறைபெட்டியில் கிடக்கப் போகும் அந்த இறைச்சியில் ஒரு பங்கையாவது அன்றைக்கே அரைத்துவிட வேண்டும் என்று ராத்தா இப்போதே சொல்லிவருகிறார். மெசின் இல்லாத வீட்டுக்காரர்கள் முன்சப்பைச் சதையை அறுத்து இரண்டு மணி நேரத்துக்குள் அவரிடம் கொண்டுவரலாம். கூலி வேண்டாம், உப்பு மட்டும் கொண்டுவந்தால் போதும். நெஞ்சுக் கொழுப்பை வீசாமல் தனிப் பையில் கட்டி, உறைபெட்டியின் அடித்தட்டில் வைக்க வேண்டும். தயிர்ச் சட்டிக்கு முதல் நாளே சொல்லிவைக்க வேண்டும், ஏனென்றால் பெருநாளன்று மதியத்துக்கு முன் அது எல்லாக் கடையிலும் தீர்ந்துவிடும்.